அடங்கலில் இல்லாத சொல்

தவக்காலத்து மூன்றாம் வெள்ளி.
எங்கள் ஊர்ச் சாமியாருக்குத் தெரிய வேண்டாமென்று
தேவகோட்டைக்கு பஸ் ஏறிப் போய்
மரத்தட்டிக்கு இந்தப்பக்கம் முழந்தாளிட்டுச் சொன்னேன்:
சாமி, நண்டுகளைக் கொன்றுவிட்டேன்.

அந்தப்பக்கம் ஒரு செருமல்.
எத்தனை?

எண்ணவில்லை சாமி.
கார்த்திகையில், வரப்புக் கோரைக்கு அடித்த மருந்து
மழையோடு வளைக்குள் இறங்கிவிட்டது.
விடிந்து பார்த்தால் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன.
ஒன்றின் மடியைப் பிரித்தேன்,
கடுகளவுக் குஞ்சுகள்.
அவையும்.

நெடுநேரம் அவர் பேசவில்லை.
பத்தில் எதில் சேர்ப்பது என்று தேடியிருக்கலாம்.
கடைசியில் மூன்று அருள் நிறைந்த மரியே,
இனி கவனமாய் இரு.
எழுந்தேன். முழங்கால் லேசானது.
நெஞ்சு அப்படியே இருந்தது.

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் இட்டு
நீ மண் என்றார்களே,
எந்த மண் என்று சொன்னார்களா?
கொளுஞ்சி தானாய் முளைக்கும் செம்மண்ணா,
யூரியா தின்று தின்று
மண்வெட்டியைத் திருப்பி அனுப்பும்
என் ஒன்றேகால் ஏக்கரா?

வேதத்தில் ஓரிடம் உண்டு.
ஏழாம் வருடம் நிலத்தைச் சும்மா விடு,
ஏழை எடுத்தது போக மிச்சத்தை
விலங்குகள் தின்னட்டும் என்று.
நான் உழுதது இருபத்து மூன்று வருடம்.
மூன்று ஏழாம் வருடங்கள் நிலத்துக்கு பாக்கி.
சங்கத்துக் கடனுக்குத் தபாலில் நோட்டீஸ் வரும்.
இந்தக் கடனுக்கு
நண்டுகள் வந்திருக்கின்றன.

செபமாலை காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்:
அரிசி, வட்டி, சின்னவளின் நர்சிங் பீஸ்.
கூட்டிக் கழித்துவிட்டுக் கேட்டாள்:
"மோயீசன் சனத்துக்கு மன்னா விழுந்துச்சு. நமக்கு?"

பதில் இல்லை.
புதுவயலில் வேலை இருந்தது.

அந்த வருடம் முழுக்க ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினேன்.
யார் யார் வயலிலோ மருந்து குடித்து விளைந்த நெல்
என் தோளில் ஏறி இறங்கியது.
ராத்திரி தும்மினால் உமி.
ஓய்வு நிலத்துக்குத்தான், அதை வைத்திருப்பவனுக்கு இல்லை.
இதை வேதம் சொல்லவில்லை, அல்லது
நான் அந்தப் பக்கம் புரட்டவில்லை.

பயிர் எழுத வந்தவர் சின்ன வயதுக்காரி.
வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு
அடங்கலில் எழுதினார்: தரிசு.
தரிசு இல்லைம்மா, ஓய்வு என்று போடுங்களேன்.
அப்படிப் போட இடமில்லை ஐயா என்றார்.
சிரிக்கவில்லை. அதற்கே கும்பிட்டேன்.

வைரவனின் ஆடுகள் வந்தன.
கோரையை, அருகை, நத்தைச்சூரியை மேய்ந்து
புழுக்கை போட்டுவிட்டுப் போயின.
கல்லை எடுத்த கை
கல்லோடு கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு கீழே போட்டுவிட்டேன்.
இன்னாசிக்குக் கிறுக்கு என்றான் வைரவன் டீக்கடையில்.
அவன் ஆடுகள் அப்படிச் சொல்லவில்லை.

மறு ஆடியில் கொளுஞ்சியை மடக்கி உழுதேன்.
புழுதியில் சித்திரைக்கார் விதைத்தேன்.
எத்தனை மூட்டை தேறும், தெரியாது.
பக்கத்து வயல்களின் கரும்பச்சைக்கு முன்னால்
என் பயிர் நோய் கண்ட பிள்ளை போல
வெளிறித்தான் நிற்கிறது.

இப்போது கார்த்திகை.
மடை திறந்து இரண்டாம் நாள் இரவு
வரப்பிலிருந்து வைரவன் கத்துகிறான்:
"இன்னாசி! ஒன் தண்ணி பூராம் என் வயலுக்கு வருதுடா!"

டார்ச்சும் மண்வெட்டியுமாய் ஓடினேன்.
வரப்பின் விலாவில் கட்டைவிரல் நுழையும் துளை.
வாசலில் புதுச்சேறு, உருண்டை உருண்டையாய்.
உள்ளே, வெளிச்சத்தில்,
காம்பு வைத்த இரண்டு கண்கள்.

சேற்றில் முழந்தாளிட்டேன்.
தண்ணீர் என் கைக்குள் புகுந்து
அடுத்தவன் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

"அடைடா" என்கிறான் வைரவன்.

அடைக்கத்தான் வேண்டும்.
"கொஞ்சம் பொறு" என்றேன்.
யாரிடம் சொன்னேன் என்று
எனக்கே தெரியவில்லை.